புனைகதையும் மரபியலும்: கேள்வி கேட்டவர்களும் விடை சொன்னவர்களும்

கதையில் வரும் குழந்தை யாருடையது, மருத்துவமனையில் மாறிப்போன பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது, தாத்தாவின் திறமை பேரனுக்கு வருமா என்பன போன்ற ஐயங்களுடன் எழுத்தாளர்கள் உயிரியலாளரைத் தேடிச் செல்வது ஏறத்தாழ நூறாண்டுப் பழக்கமாகும். மரபியலைக் குறிக்கும் 'ஜெனெடிக்ஸ்' என்னும் சொல்லை ஆங்கிலேய உயிரியலாளர் வில்லியம் பேட்சன் 1905இல் உருவாக்கினார். அவரே 1910இல் லண்டனையடுத்த மெர்ட்டனில் தொடங்கப்பட்ட ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிறுவனத்தின் முதல் இயக்குநர். அந்நிறுவனத்தில் பணியாற்றிய இருவர் இக்கட்டுரையில் வருகின்றனர். ஒருவர் நாவலாசிரியை ஒருவரின் கேள்விக்கு விடை சொல்லப் போய்ப் பதவியை இழந்தவர். மற்றவர் தம் வாழ்வின் கடைசிப் பதின்மூன்று ஆண்டுகளைச் சென்னைக்கு மேற்கே மதுரவாயலில் கழித்தவர்.

ஒரு நாவலுக்காகக் கேட்ட கேள்வி

1924ஆம் ஆண்டு. 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் எழுதிவந்த சார்லட் என்னும் பெண்மணி ஒரு நாவல் எழுதத் திட்டமிட்டிருந்தார். பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்பதை மனிதர்களே முடிவு செய்யும் ஒரு வருங்காலச் சமூகம் அந்நாவலின் களம். அதற்கு உயிரியல் அடிப்படை வேண்டும். கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் கற்பித்துவந்த ஜே. பி. எஸ். ஹால்டேன் அப்போதுதான் 'டெடலஸ்' என்னும் சிறுநூலால் பெயர் பெற்றிருந்தார். 1923 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் அவர் வாசித்த கட்டுரையின் நூல்வடிவம் அது. சார்லட் நேரே சென்று அவரைச் சந்தித்தார்.

விடை கிடைத்தது, நாவலும் 1926இல் 'மேன்ஸ் வேர்ல்ட்' என்னும் பெயரில் வெளிவந்தது. இடையில் நடந்ததுதான் வேறு கதை. சார்லட் ஏற்கெனவே மணமாகி ஒரு மகனுக்குத் தாயானவர். இருவருக்கும் காதல் ஏற்பட, அவருடைய கணவர் தொடுத்த விவாகரத்து வழக்கில் ஹால்டேனின் பெயர் அடிபட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கக் குழு 1925இல் ஹால்டேனைப் பதவிநீக்கம் செய்தது. அவர் மேல்முறையீடு செய்து வென்று, 1926இல் மீண்டும் பதவியில் அமர்ந்தார். அவ்வாண்டே சார்லட்டை மணந்தார். புனைகதைக்கு மரபியல் விளக்கம் கேட்ட முதல் நேர்காணல்களுள் ஒன்று பல்கலைக்கழக விதிகளையே அசைத்தது என்பது பலரும் அறியாத செய்தி.

'டெடலஸ்' நூலையும் சற்றுக் கவனிக்க வேண்டும். அதில் ஹால்டேன், கருப்பைக்கு வெளியே குழந்தையை வளர்க்கும் முறையைப் பற்றி எழுதும்போது அறிவியலாளராகப் பேசவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய ஒரு கல்லூரி மாணவன் எழுதும் கட்டுரையாக அப்பகுதியைக் கற்பனை செய்து எழுதினார். விடை சொல்பவரே கதைசொல்லியாக மாறியிருக்கிறார். அந்தக் கற்பனையை எடுத்துக்கொண்டு ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் குடுவைகளில் பிறக்கும் மனிதர்களைப் படைத்தார். ஹக்ஸ்லிக்கு வீட்டிலேயே ஓர் உயிரியலாளர் இருந்தார்; அவருடைய அண்ணன் ஜூலியன் ஹக்ஸ்லி. அதே ஜூலியன்தான் எச். ஜி. வெல்சுடன் சேர்ந்து 'தி சயின்ஸ் ஆஃப் லைஃப்' என்னும் பெருநூலை எழுதியவர். அக்கால இங்கிலாந்தில் நாவலாசிரியரும் உயிரியலாளரும் ஒரே மேசையில் தேநீர் அருந்தினர். அமெரிக்காவில் இத்தகைய உறவை நிறுவனமாக்கி, திரைக்கதை எழுதுவோரை அறிவியலாளரோடு இணைத்துவைக்கும் அமைப்பொன்றைத் தேசிய அறிவியல் கழகம் தொடங்கியது 2008இல்தான்.

ஹால்டேன் 1927 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஜான் இன்னெஸ் நிறுவனத்திலும் பகுதிநேரமாகப் பணியாற்றினார். 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1962இல் புவனேசுவரத்துக்குச் சென்று, 1964 டிசம்பர் 1 அன்று அங்கேயே காலமானார்.

ஜான் இன்னெஸிலிருந்து மதுரவாயலுக்கு

எடவலத்து கக்காட்டு ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று, அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த தலச்சேரியில் பிறந்தார். தந்தை துணை நீதிபதி. தாய்வழிப் பாட்டனார் ஜான் சைல்டு ஹனிங்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி. இரு நாட்டு இரத்தம் கலந்தவர், தீயர் சாதியினர் என்று இரண்டு வகையிலும் ஊரார் வாயில் விழுந்த குடும்பம் அது. மரபுக்கலப்பை ஆராய்வதே வாழ்வாகக் கொண்ட ஒருவருக்கு இத்தகைய பிறப்பு வாய்த்ததை எந்த நாவலாசிரியரும் எழுதத் தயங்குவார், செயற்கையாகத் தோன்றும்.

சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மகளிர் கிறித்துவக் கல்லூரியில் கற்பித்தார். பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1931இல் அங்கு அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாளில் நம் நாட்டுப் பெண்கள் பலர் பள்ளிப் படிப்பையே பார்த்ததில்லை.

1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். அந்நிலையம் ஏற்கெனவே ஒரு சாதனை செய்திருந்தது. சாறு மிகுந்த 'வெள்ளை' என்னும் கரும்பையும் நாணல் போன்று தானாக வளரும் காட்டுக் கரும்பையும் கலந்து உருவாக்கிய கோ 205 என்னும் வகை, வட இந்திய உழவர்களிடம் 1918 அளவில் சென்று சேர்ந்தது. தி. சு. வெங்கடராமன் தலைமையில் இயங்கிய அந்நிலையத்தில் ஜானகி அம்மாள் ஒரு படி மேலே போய், கரும்பைச் சோளம், மக்காச்சோளம் போன்ற வேறு பேரினங்களுடன் கலந்தார். கரும்பு-மக்காச்சோளக் கலப்பு பற்றிய அவருடைய குறிப்பு 1938இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

புனைகதையில் இரு வேறு உயிர்களைக் கலந்து புதியதொன்றைப் படைப்பது பழைய உத்தி. எச். ஜி. வெல்ஸ் 1896லேயே தீவொன்றில் விலங்குகளை மனிதராக மாற்ற முயலும் மருத்துவரைப் படைத்துவிட்டார். கோயம்புத்தூர் வயல்கள் இதற்குச் சொன்ன விடை இதுதான்: தூரத்து உறவுள்ள இரண்டு உயிர்கள் கலந்து ஒன்று பிறக்கலாம், ஆனால் அது பெரும்பாலும் மலடாகவே இருக்கும். விந்தணுவும் முட்டையும் உருவாகும்போது தாயின் குரோமோசோம்களும் தந்தையின் குரோமோசோம்களும் இணை சேர வேண்டும். இரண்டும் வேறு வேறானால் இணை அமையாது. கோவேறு கழுதை ஈனாததற்கும் இதுவே காரணம். விலங்குக் கலப்பில் ஒரு பால் மட்டும் மலடானால் அது பெரும்பாலும் இரு வேறு பால் குரோமோசோம்களைக் கொண்ட பாலாகவே இருக்கும் என்பது 1922இல் ஹால்டேன் கண்ட விதி. பாலூட்டிகளில் அது ஆண்.

தாவரத்தில் இதற்கு மாற்று வழி உண்டு. குரோமோசோம்களின் எண்ணிக்கையை இருமடங்காக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இணை கிடைத்துவிடும். அதைச் செய்யும் மருந்து கோல்கிசின். தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சு அதுவே. ஜானகி அம்மாள் பிற்காலத்தில் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மேக்னோலியாச் செடிகளுக்குக் கோல்கிசின் இட்டு ஆராய்ந்தார். அதில் வந்த ஒரு வகை இன்றும் அவர் பெயரால் வழங்கப்படுகிறது. நம் ஊர்க் கதைகளில் செங்காந்தள் கிழங்கு தற்கொலைக்கும் கொலைக்கும் மட்டுமே வருகிறது. அதன் மற்றொரு முகத்தை எவரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது இக்கட்டுரையாளரின் சிறு குறை.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த ஏழாவது பன்னாட்டு மரபியல் மாநாட்டுக்குச் சென்றவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். 1940 முதல் 1945 வரை ஜான் இன்னெஸ் நிறுவனத்தில் பணி. சிரில் டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் எழுதிய 'பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை' 1945இல் வெளிவந்தது. எந்தப் பயிருக்கு எத்தனை குரோமோசோம் என்று கேட்போருக்கு உலகம் முழுதும் கைநூலாக அமைந்தது அது. நேருவின் அழைப்பின் பேரில் 1951இல் இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1955இல் பிரின்ஸ்டனில் நடந்த, மனிதன் புவியின் முகத்தை மாற்றியது பற்றிய புகழ்பெற்ற கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்.

1970 நவம்பரில் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் மதிப்புறு அறிவியலாளர் பொறுப்பு. மையம் நகருக்குள் இருந்தாலும் அதன் கள ஆய்வகம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலில் இருந்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். வடக்கே அம்பத்தூரில் தொழிற்பேட்டை ஆலைகள், அதற்கப்பால் ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலை, நடுவே கூவம் ஆற்றங்கரை வயல்கள் என்றிருந்த காலம். இன்று அம்பத்தூரும் மதுரவாயலும் 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டன. நெடுஞ்சாலை மேம்பாலத்தில் நின்று பார்ப்பவருக்கு அங்கே ஒரு மரபியலாளர் மூலிகைத் தோட்டம் வளர்த்தார் என்பது நம்புதற்கரியதாகத் தோன்றும்.

மதுரவாயலில் அவர் மூலிகைகளையும் பழங்குடியினரின் தாவர அறிவையும் ஆராய்ந்தார். அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் இயக்கத்துக்குக் குரல் கொடுத்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பெரிய பூனைக் குடும்பம் ஒன்றையும் வளர்த்துவந்தார். குட்டிகளுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளை ஆர்வத்துடன் கவனிப்பார் என்று அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர். பூனை மரபியல் கற்பதற்கு நல்ல உயிர். கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாக ஒரே உடலில் கலந்த பூனை அநேகமாக எப்போதும் பெண்ணாகவே இருக்கும். அந்த ஆரஞ்சு நிறத்தை முடிவு செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு. உடலின் ஒவ்வொரு செல்லிலும் ஒன்று உறங்கிவிட, மற்றொன்று மட்டும் வேலை செய்கிறது. 1961இல் மேரி லயன் இதை எலிகளில் விளக்கினார். எனவே கதையில் வரும் மூவண்ணப் பூனைக்கு ஆண் பெயர் சூட்டுவதற்கு முன் எழுத்தாளர் ஒருமுறை யோசிப்பது நல்லது.

1984 பிப்ரவரி 7 அன்று, தம் எண்பத்தாறாம் வயதில், மதுரவாயல் ஆய்வகத்தில் பணியிலிருந்தவாறே ஜானகி அம்மாள் காலமானார். 2018இல் கொடைக்கானலைச் சேர்ந்த ரோஜா வளர்ப்பாளர்கள் தாங்கள் உருவாக்கிய ஒரு மஞ்சள் ரோஜா வகைக்கு அவர் பெயரைச் சூட்டினர்.

தமிழில் விடை சொன்னவர்கள்

தமிழில் இத்தகைய ஐயங்களைத் தீர்க்க முதலில் சொற்கள் வேண்டியிருந்தன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'ஜீன்' மரபணுவாகவும் குரோமோசோம் பெரும்பாலும் குரோமோசோமாகவும் நின்றன. இலங்கைப் பாடநூல்களில் குரோமோசோம் 'நிறமூர்த்தம்', ஜீன் 'பரம்பரையலகு'. யாழ்ப்பாணத்துப் பாத்திரத்தின் வாயில் சென்னைச் சொல்லைத் திணிக்கும் எழுத்தாளர்கள் இதைக் கவனிக்கலாம். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியமும், பெ. நா. அப்புசாமி போன்றோரின் கட்டுரைகளும் பொது வாசகருக்கு வழி அமைத்தன.

வெகுமக்கள் இதழில் கேள்வி கேட்டு விடை பெறும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர் சுஜாதா. மின்னணுப் பொறியாளரான அவர், ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்னும் தலைப்பில் வாசகர்களின் அறிவியல் ஐயங்களுக்குத் தொடர்ந்து விடை எழுதினார். மூளையைப் பற்றித் 'தலைமைச் செயலகம்' எழுதினார். மனித மரபணுத்தொகுதி பற்றி 'ஜீனோம்' என்னும் நூலும் எழுதினார். லண்டனில் நாவலாசிரியை ஒருத்தி அறிவியலாளரைத் தேடிப் போனாள் என்றால், சென்னையில் நாவலாசிரியரே அறிவியல் விடைசொல்லியாகவும் இருந்தார். இதில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. அவருடைய நடை அறிவியலை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது; ஆனால் உயிரியல் துறையினர் தாமே வாசகரோடு பேசும் மரபு அதே வேகத்தில் வளரவில்லை.

இரத்தப் பிரிவும் தந்தைமையும்

தமிழ்க் கதைகளிலும் திரைப்படங்களிலும் அதிகம் வருவது குழந்தையின் தந்தை யார் என்னும் கேள்வி. பழைய விடை மச்சம். உடலின் குறிப்பிட்ட இடத்தில் தந்தைக்கிருந்த மச்சம் அதே இடத்தில் மகனுக்கும் வருவதற்கு மரபியலில் ஆதாரமில்லை. அடுத்து வந்தது இரத்தப் பிரிவு. கார்ல் லான்ட்ஸ்டைனர் 1901இல் வெளியிட்ட கண்டுபிடிப்பில் அறியவந்த ஏ, பி, ஓ பிரிவுகள் பெற்றோரிடமிருந்து கணக்காக வருகின்றன. பெற்றோருள் ஒருவர் ஏபி என்றால் குழந்தை ஓ ஆக இருக்காது; இருவரும் ஓ என்றால் குழந்தை ஓ ஆகவே இருக்கும். 'இரத்தப் பரிசோதனையில் உண்மை வெளிப்பட்டது' என்று முடியும் கதைகள் இக்கணக்கை நம்பி நிற்பவை.

நடிகர் சார்லி சாப்ளின் மீது 1940களில் தொடுக்கப்பட்ட தந்தைமை வழக்கில் அவர் ஓ, தாய் ஏ, குழந்தை பி. கணக்குப்படி அவர் தந்தையல்லர். ஆயினும் 1945இல் ஜூரியினர் அவரையே தந்தை என்று தீர்ப்பளித்தனர். அன்றைய கலிபோர்னியச் சட்டம் இரத்தச் சோதனையை முடிவான சான்றாகக் கொள்ளவில்லை.

இந்தக் கணக்கு பிழைக்கக்கூடிய ஓர் இடம் நம் நாட்டிலேயே கண்டறியப்பட்டது. 1952இல் ஒய். எம். பெண்டேயும் உடன் பணியாற்றியோரும் பம்பாயில் சிலரின் இரத்தம் எந்தப் பிரிவோடும் சேராததைக் கண்டு 'லான்செட்' இதழில் எழுதினர். அதுவே 'பம்பாய் இரத்தப் பிரிவு'. ஏ, பி ஆகிய அடையாளங்கள் கட்டப்படுவதற்கு அடித்தளமாக எச் என்னும் பொருள் வேண்டும். அது இல்லாதவரிடம் ஏ மரபணு இருந்தாலும் வெளித்தெரியாது. சாதாரணச் சோதனையில் ஓ என்றே காட்டும். அவருடைய குழந்தைக்கு எச் கிடைத்துவிட்டால் மறைந்திருந்த ஏ வெளிப்பட்டுவிடும். தாயும் தந்தையும் ஓ, குழந்தை ஏ, தாய் மீது பழி. இந்தியாவில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒருவருக்கு இப்பிரிவு உள்ளது. நெருங்கிய உறவில் மணந்தோரின் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படும். இரத்தப் பிரிவை மட்டும் வைத்து ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்கும் கதையை எழுதுபவர், அவளை விடுவிக்கும் கதையும் அதே அறிவியலில் இருப்பதை அறிய வேண்டும்.

பாம்பு சொன்ன சாட்சி

1984 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் டி.என்.ஏ. ரேகையைக் கண்டறிந்தார். இந்தியாவில் அதற்கான வழி பாம்பிலிருந்து வந்தது. லால்ஜி சிங் என்னும் அறிவியலாளர் பாம்புகளில் ஆண் பெண் வேறுபாடு எவ்வாறு அமைகிறது என்று ஆராய்ந்தவர். மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக உள்ள கட்டுவிரியன் வகைப் பாம்பில் அவர் கண்ட, திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. துணுக்கு மனிதரிடமும் ஆளுக்கு ஆள் வேறுபட்டிருந்தது. ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் அதைக் கொண்டே டி.என்.ஏ. ரேகை எடுக்கும் முறையை 1988இல் நிறுவினார்.

இந்தியாவில் இம்முறை நீதிமன்றம் ஏறிய முதல் தந்தைமை வழக்கு தலச்சேரியில் நடந்தது. குழந்தைக்கு வாழ்க்கைப் பொருள் கேட்டு ஒரு தாய் தொடுத்த வழக்கு அது. குற்றஞ்சாட்டப்பட்டவர் மறுத்தார். சோதனை தாயின் பக்கம் நின்றது. நடுவர் ஏற்றார், கேரள உயர்நீதிமன்றமும் ஏற்றது. ஜானகி அம்மாள் பிறந்த ஊரும் அதுவே.

தமிழ்நாட்டில் பெரிதும் பேசப்பட்டது திருச்சிராப்பள்ளியை அடுத்த ஆசிரமத்தின் பிரேமானந்தா மீதான வழக்கு. கலைக்கப்பட்ட கருவின் டி.என்.ஏ. சான்றாக முன்வைக்கப்பட்டது. எதிர்த்தரப்பு இங்கிலாந்திலிருந்து ஒரு வல்லுநரை அழைத்துவந்து மறுத்தும், புதுக்கோட்டை நீதிமன்றம் 1997 ஆகஸ்டில் ஆயுள் தண்டனை விதித்தது. ஆசிரமத்துக்கு வெளியே எவரும் கேட்காமல் போயிருக்கக்கூடிய இளம்பெண்களின் சொல்லுக்கு ஆய்வகம் துணை நின்ற வழக்கு அது.

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலையிலும் இம்முறை பயன்பட்டது. அவ்வழக்கை விசாரித்த தடா தனி நீதிமன்றம் பூந்தமல்லியில் அமைந்தது. பொதுமக்களுக்கு அனுமதியின்றி நடந்த விசாரணை 1998 ஜனவரி 28 அன்று இருபத்தாறு பேருக்கும் மரண தண்டனையில் முடிந்தது. 1999 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அத்தண்டனையை உறுதி செய்தது. அதே பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் இன்று திரைப்படப் பிடிப்புத் தளங்கள் உள்ளன. நீதிமன்றக் காட்சிகளுக்குச் செயற்கைக் கூண்டுகள் அங்கே எழுகின்றன. அக்காட்சிகளில் வழக்கறிஞர் எழுந்து டி.என்.ஏ. சோதனை கோருவதும் நீதிபதி உடனே தலையசைப்பதும் வழக்கம். சட்டம் அவ்வளவு எளிதன்று. முறையான மண வாழ்வில் பிறந்த குழந்தை அக்கணவனுடையதே என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 112ஆம் பிரிவில் கொண்டது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 116ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. குழந்தையை முறையற்ற பிறப்பென முத்திரை குத்தும் விளைவை எண்ணாமல் இரத்தச் சோதனைக்கு ஆணையிடக் கூடாது என்று கௌதம் குண்டு வழக்கில் 1993இல் உச்சநீதிமன்றம் கூறியது. சோதனை முடிவு ஏற்கெனவே கையில் இருந்தால் அதை ஒதுக்கிச் சட்ட ஊகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்று 2014இல் வேறொரு வழக்கில் சொன்னது. இவ்விரண்டு தீர்ப்புகளுக்கு இடையே உள்ள இறுக்கத்தில் ஒரு நாவலே இருக்கிறது.

தாய்மாமன் திருமணம்

வெளிநாட்டு நூல்களில் விடை கிடைக்காத கேள்வி இது. அக்காள் மகளை மணப்பது 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி விலக்கப்பட்ட உறவுக்குள் வரும். ஆனால் வழக்காறு இருப்போருக்கு அச்சட்டமே விலக்கும் அளிக்கிறது. கணக்கு எளியது. மாமன்-மருமகள் இணையரின் குழந்தைக்கு ஏதேனும் ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தை மகன்-மாமன் மகள் இணையருக்குப் பதினாறில் ஒன்று. மறைந்திருக்கும் குறைபாட்டு மரபணு இரண்டு படிகளும் சேரும்போதுதான் நோயாகிறது. ஆகவே வாய்ப்புக் கூடுகிறது. ஹால்டேன் இந்தியா வந்ததும் இதில் ஆர்வம் கொண்டார். அவருடைய மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திரத்தில் உறவுத் திருமணங்களை ஆராய்ந்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பி. எஸ். எஸ். ராவ், எஸ். ஜி. இன்பராஜ் ஆகியோர் 1970களில் வட ஆர்க்காட்டுப் பகுதியில் செய்த விரிவான ஆய்வில், கிராமங்களில் ஏறத்தாழப் பாதித் திருமணங்கள் உறவுக்குள் நடந்திருந்தன. தீய விளைவுகளோ அவர்கள் எதிர்பார்த்த அளவுக்குத் தென்படவில்லை. நூற்றாண்டுகளாக உறவுக்குள் மணந்த சமூகத்தில் கொடிய மரபணுக்கள் சில முன்பே கழிந்திருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அதனால் அபாயமே இல்லை என்று கொள்ளக் கூடாது. பொதுவாகப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை-மாமன் மக்கள் இணையரிடம் அதற்கு மேல் இரண்டு மூன்று கூடும். காதுகேளாமை, சில வளர்சிதைமாற்ற நோய்கள் இவ்வகையில் வருவன. ஆனால் 'சொந்தத்தில் கட்டினால் பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும்' என்று மருத்துவர் பாத்திரம் அடித்துச் சொல்வது கதையின் வசதிக்கான பொய். பெருவாரியான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன.

மூதாதையின் திறமை

2011 தீபாவளிக்கு வெளிவந்த ஏ. ஆர். முருகதாசின் 'ஏழாம் அறிவு' திரைப்படம் தமிழ் மக்களிடையே மரபணு என்னும் சொல்லை வேறெதையும்விட வேகமாகப் பரப்பியது எனலாம். காஞ்சியிலிருந்து சீனம் சென்ற போதிதர்மரின் வழித்தோன்றலாகிய சர்க்கஸ் கலைஞனிடம், முன்னோரின் மருத்துவ, போர்த் திறன்களை ஒரு மரபணுப் பொறியியல் மாணவி எழுப்புகிறாள். பெருமிதம் தரும் கற்பனை. பார்வையாளர் பலர் அதை அறிவியல் என்றே எடுத்துக்கொண்டனர். இன்றும் வகுப்பறையில் மாணவர்கள் இக்கேள்வியை எழுப்புவதால் கணக்கைப் பார்ப்பது தகும்.

பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர் என்று பின்னோக்கிப் போனால் பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர். டி.என்.ஏ.வோ தலைமுறைதோறும் சில டஜன் இடங்களில் மட்டுமே வெட்டுண்டு கலக்கிறது. பத்துத் தலைமுறையில் அது ஏறத்தாழ 600 முதல் 700 துண்டுகள் ஆகும். ஆக 1,024 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமிருந்து நமக்கு ஒரு துண்டும் வரவில்லை. போதிதர்மர் காலமோ ஏறத்தாழ அறுபது தலைமுறைக்கு முந்தியது. அவ்வளவு பின்னே சென்றால் மூதாதையர் இடங்களின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின் பதினெட்டுச் சுழியங்களைத் தாண்டும்; உலகில் அத்தனை மனிதர் இருந்ததில்லை என்பதால் ஒருவரே பல்லாயிரம் இடங்களில் வருவார். அக்காலத்தில் சந்ததி விட்டுச் சென்ற ஒருவரின் வழித்தோன்றல் ஓரிளைஞன் மட்டுமல்லன், ஒரு நாடே அவர் வழித்தோன்றலாக இருக்கும். கற்ற வித்தையோ டி.என்.ஏ.வில் எழுதப்படுவதில்லை. களரிப் பயிற்சி நரம்பிலும் தசையிலும் பதியும், கருவணுவுக்குப் போகாது.

தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் கலப்பின்றிச் செல்லும் ஒன்று உண்டு. அது ஒய் குரோமோசோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்சும் அதைத்தான் பின்தொடர்ந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக வந்த முதல் மனிதக் கூட்டத்தின் தடயமாகக் கருதப்படும் எம்130 என்னும் குறியீடு, மதுரை மாவட்டம் ஜோதிமாணிக்கம் என்னும் ஊரைச் சேர்ந்த ஒருவரின் இரத்தத்தில் கிடைத்தது. வெல்சின் 2002ஆம் ஆண்டு நூலும் ஆவணப்படமும் அச்செய்தியை உலகெங்கும் கொண்டுசென்றன. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அப்பன் மகனாகக் கைமாறி வந்த அக்குறியீடு எந்தத் திறமையையும் சுமக்கவில்லை, எந்த நினைவையும் சுமக்கவில்லை. ஒய் குரோமோசோமில் சி என்னும் எழுத்து இருக்க வேண்டிய ஓரிடத்தில் டி என்னும் எழுத்து இருக்கிறது, அவ்வளவே.